மச்சினனைச் சரிபார்த்த கதை

அரைகுறை அறிவு ஆபத்து என்பார்கள். என் அரைகுறை அறிவால் எனக்கு ஓர் ஆபத்தும் வரவில்லை. என் மச்சினன் சிபுவின் வேலைதான் போனது.

சிபு கடலோரப் பொழியூர்க்காரன். கடல் ஏறிவிடும் என்ற பயத்தில் மாமியார் வீட்டுப் பத்திரங்கள், சான்றிதழ்கள் எல்லாம் கடல் எட்டாத கொல்லயில் ஊரில், எங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கும். (காவல்காரன் நான். அந்தக் கர்வம் வேறு.) அன்று கொச்சியில் கப்பல் கம்பெனி அலுவலகத்திலிருந்து சிபு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினான். அவனுடைய பயிற்சிச் சான்றிதழைப் படமெடுத்துப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும்; இல்லாவிட்டால் இடம் அடுத்தவனுக்கு. மணி பதினொன்று பத்து.

செய்திக்கு மேலே ஒரு வரி: "சிபுவின் பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது." புதுப் போன் வாங்கினாலும் அப்படி வரும், மோசடிக்காரன் புகுந்தாலும் வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

"நீ சிபுதானா?" என்று திருப்பிக் கேட்டேன். உடனே வீடியோவில் கூப்பிட்டான். "அத்தான், நான் தானாக்கும்! மொகத்தப் பாரும்!"

"மொகமும் சத்தமும் இப்ப கம்ப்யூட்டரே செய்யும் மக்கா. பாஸ்வேர்டு களவு போனா மாத்தலாம். மொகம் களவு போனா என்னத்த மாத்துவ? குறியீட்டுல அறுபது நம்பர் உண்டு, வாசி." (முந்தின நாள்தான் படித்திருந்தேன்.)

வாசித்தான். கரண்ட் பில்லின் பின்னால் எழுதினேன். நாற்பதாவது எண்ணில் லைன் அறுந்தது. திரும்ப முதலிலிருந்து. பதினொன்று நாற்பது. இந்தத் தடவை அறுபதும் வந்து சேர்ந்தது. என் போனில் சிபுவின் குறியீட்டைத் திறந்து ஒத்துப் பார்த்தேன். பாதி சரி, பாதி தப்பு. பாதி உண்மை சொல்கிறவன்தானே பெரிய கள்ளன்! போனை வைத்துவிட்டேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி சிந்து வந்து எட்டிப் பார்த்தாள். "இது அவனுக்க பழைய கல்ஃப் நம்பராக்கும். ரண்டு சிபு கெடக்கு, பாக்கண்டாமா?" (குறியீட்டில் பாதி என் எண்கள், பாதி அவன் எண்கள். என் பாதி ஒத்தது; அவன் பாதிக்கு நான் பார்த்தது பழைய நம்பரை.) அதற்குமேல் என்னை நம்பாமல் தன் போனை எடுத்தாள். செதில் ஒட்டிய விரலை அது ஏற்கவில்லை. பின் நம்பரும் மறந்துபோயிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின், நாலாவது தடவை திறந்தது. சிபுவைக் கூப்பிட்டாள்.

"எலே சிபு, எங்க கல்யாணத்தன்னைக்கு அத்தானுக்க செருப்ப எங்க போட்ட?"

"கெணத்துல."

முடிந்தது சோதனை. (ஆறு வருடமாக நான் கல்யாணச் சமையல்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.) சான்றிதழ் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டி ஏழு நிமிடம். இடம் போய்விட்டது.

அடுத்த கப்பல் மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அதுவரை சிபு எங்கள் வீட்டில் இருந்தான். ஒரு சொல் குறை சொல்லவில்லை; அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புறப்பட்ட அன்று பாறசாலை ஸ்டேஷனில் தன் போனை என் முன்னால் நீட்டினான். அதிலிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். அறுபது எண்ணும் ஒரே நொடியில் ஒத்து, பச்சை டிக் விழுந்தது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான் அத்தான்" என்று ரயிலேறினான்.

இன்றைக்கும் நான் பொழியூர் போனால் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு கேட்பார்: "வாறது பாதி மருமவனா, முழுசா?"