இலைத் தூய்மைக் குழு

மரங்களைக் குளிப்பாட்டும் அளவுக்கு நாகரிகம் முற்றிய ஊர், பூமியில் எங்கள் அனல்மின் நகரியம் ஒன்றுதான். 'இலைத் தூய்மைக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மற்ற ஊர் மரங்கள் மழைக்காகக் காத்துக் கிடக்கும், பாவம். எங்கள் மரங்களுக்குப் புகைபோக்கி தினமும் சாம்பல் பூசிவிடும். நகத்தால் சுரண்டினால்தான் இலை பச்சை என்பதே தெரியும்.

'பசுமை நகரியம்' விருதுக்கு நடுவர் வருகிறார் என்றதும் மேலாளர் வேதாசலம் கூட்டம் போட்டார். பஜ்ஜி வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், "சாம்பலையே கொறைக்கலாமே சார்?" என்றார்.

"அதுக்கு வேற குழு இருக்குய்யா. நம்ம வேலை இலை!"

மறுகுடியமர்வுக் காலனிக்குக் குடிநீர் கொண்டுபோகும் டேங்கர் லாரி, மூன்று நாள் மரங்களுக்குச் சேவை செய்யட்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். எங்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள்தான் காலனிக்காரர்கள். சுரங்கத்தில் ஊற்றெடுக்காமலிருக்க நிலத்தடி நீரை ஓயாமல் இறைப்பதால், அவர்கள் கிணறுகளுக்கு நிரந்தர ஓய்வு கொடுத்திருக்கிறோம்.

மூன்றாம் நாள் காலனியிலிருந்து அஞ்சலை இரண்டு குடத்தோடு வந்து நின்றாள்.

"சாரு, லாரி வர்ல. எம் பொண்ணு புள்ள பெத்துக் கெடக்குறா. ஒரு வாய் வெந்நி வச்சுக் குடுக்கத் தண்ணியில்ல."

"மரத்துக்கு முடியட்டும்மா, அடுத்து உங்களுக்குத்தான்" என்றார் வேதாசலம்.

"அப்ப பேரனத் தூக்கியாந்து கெளையில கட்டவா? அவனுக்கும் சேத்து அடிச்சு வுடுறீங்களா?"

விதியில் அதற்கு இடமில்லை என்று நான் விளக்கினேன். அவள் என்னை மதித்ததாகவே தெரியவில்லை. புங்கமரத்தடியில் குடத்தை வைத்து, சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க ஆரம்பித்தாள். அரை மணியில் காலனியே குடமும் கையுமாக வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்தா நடுவர் மைதிலி அம்மையாரின் கார் வர வேண்டும்!

"என்ன இது?" என்றார் அம்மையார்.

வேதாசலம் அசரவில்லை. "மறுசுழற்சி மேடம்! இலை கழுவுன தண்ணியும் வீணாகறதில்ல. மக்கள் பங்கேற்பு!"

அம்மையார் உருகிவிட்டார். அஞ்சலையிடம் உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். "கொஞ்சம் ஊத்தும்மா, நானும் குடிச்சுப் பாக்கறேன்."

"ஐயையோ!" என்று வேதாசலம் குறுக்கே பாய்ந்தார். "குடிச்சிடாதீங்க மேடம்! அத்தனையும் சாம்பல்! வயித்துக்கு ஆகாது!"

"அப்ப புள்ள பெத்தவளுக்கு ஆவுமா சாரு?" என்றாள் அஞ்சலை.

அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டார். நேரமாகிவிட்டது என்று காரில் ஏறினார். முதல் பரிசு எங்களுக்குத்தான்.

இருபத்தெட்டு வருட சர்வீஸில் வேதாசலம் சார் உண்மை பேசியது அந்த ஒரு தடவைதான். அறிக்கையில் அதை மட்டும் நான் எழுதவில்லை. என் வீட்டுக்குத் தண்ணீர் கேனில் வருகிறது.