வெயில் காலத்து அணில்

அந்த அணிலைப் பிடித்து, உரித்து, மிளகு போட்டு வறுத்துத் தின்னாமல் விடுவதில்லை என்று நான் முடிவு செய்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.

காரணம் மாதுளை. பிள்ளைத்தாச்சியாக இருக்கும் என் மகள் போனில், "அப்பா, நம்ம வீட்டு மாதுளை சாப்பிடணும் போல இருக்கு" என்றாள். அவள் என்னிடம் ஒன்று கேட்டு நாலு வருஷம் ஆகிறது. மரத்தில் பழுத்திருந்தது ஒன்றே ஒன்று. அதற்குத் துணி சுற்றிக் கட்டினேன். மறுநாள் காலையில் துணி இருந்தது, தோலும் இருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் அணில் வயிற்றில் இருந்தது.

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. கல்யாணத்தன்று மச்சான் எனக்கு ஆறிப்போன காப்பியைக் கொடுத்தான். முப்பத்துமூன்று வருஷமாக அவனோடு பேசும்போது சுவரைப் பார்த்தே பேசுகிறேன். அப்படிப்பட்டவன் அணிலையா விடுவேன்?

நாற்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் ஜன்னல் கம்பி பற்றவைத்த கை இது. மிச்சக் கம்பிகளை வைத்து ஒரே நாளில் கூண்டு செய்தேன். தொட்டால் சட்டென்று விழுகிற கதவு. யானை மாட்டினாலும் வெளியே வராது. உள்ளே போகாது என்பது வேறு விஷயம்.

கூண்டைப் பார்த்து என் மனைவி சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"வறுவலா, குழம்பா?" என்று கேட்டாள்.

"வறுவல்."

"செஞ்சிடலாம். ஆனா வெயில் காலத்து அணில் ஆகாதுங்க. தோலுக்கடியில புழு இருக்கும். எங்கப்பா மழை விழுந்தப்புறம்தான் தொடுவாரு."

அவள் அப்பா எந்நேரமும் உண்டிவில்லோடு திரிந்தவர். அவரைக் கண்டால் காக்காய்கூடத் தெரு மாறும் என்பாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

"அதுவரைக்கும்?"

"இப்ப அதுல என்ன கறி இருக்கு? ஒரு வாய்க்குக் காணாது. தினம் கடலை வச்சுத் தேத்துங்க. கூண்டுல அடைச்சா கவலையில இளைச்சிடும். வெளியிலயே திரியட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு எழுந்து ஜன்னல் விளிம்பில் கடலை வைத்தேன். வறுத்த கடலையை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. பச்சைக் கடலைதான் வேண்டுமாம். பத்து நாளில் என் கைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து தின்றது. இருபது நாளில் விரல்மேல் கால் வைத்து ஏறியது. ஏறட்டும் என்று விட்டேன். எடை பார்க்க வேண்டாமா?

நடுவில் இரண்டு நாள் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரிக்கு என்ன ஆனதோ என்கிற கவலை யாருக்கும் இருக்கத்தானே செய்யும். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

இதற்குள் மாதுளை மேலும் நாலு பழுத்துவிட்டது. கடலையில் வயிறு நிறைந்த அணில் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலையும் பறித்து நானே பஸ் ஏறிப் போய் மகளிடம் கொடுத்தேன். அங்கேயே ஒன்றை உடைத்து, முதல் முத்தை என் வாயில் போட்டாள். அன்று எனக்குக் கூண்டு ஞாபகமே வரவில்லை.

ஒரு நாள் காலையில் மழை கொட்டியது. நனைந்துகொண்டே மச்சான் வந்து சேர்ந்தான். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே என்று கூண்டைத் தேடினேன். அடுப்படியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வெங்காயம்.

"மழை வந்தாச்சு," என்றேன் மனைவியிடம். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.

"மழைக்காலத்து அணிலா? உடம்பெல்லாம் நீர் கோத்திருக்குங்க. வெயில் வரட்டும்."

தலை துவட்டிக்கொண்டிருந்த மச்சான் துண்டுக்குள்ளிருந்து சிரித்தான். "அப்பாகிட்ட அம்மா சொல்ற அதே வார்த்தை, அக்கா."

முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தேன். "உங்கப்பா கடைசியில எப்பதான் சாப்பிட்டாரு?"

"எங்க சாப்பிட்டாரு மாமா? கடைசி வரைக்கும் கடலைதான் வாங்கினாரு."

மனைவி காப்பி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். சூடாகத்தான் இருந்தது. மழை விட்டிருந்தது. ஜன்னலில் கீச்கீச்சென்று சத்தம். யாரைக் கூப்பிடுகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காப்பியை வைத்துவிட்டு எழுந்தேன்.

"ரெண்டு கை அள்ளிக்கிட்டுப் போங்க," என்றாள் மனைவி. "குட்டிங்களையும் கூட்டிட்டு வந்திருக்கு."