டபுள் பிரேக் அண்ணனும் தானாக நிற்கும் காரும்

மதுரையில் இன்றைக்குக் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேரை ரோட்டுக்குக் கொண்டுவந்தவர் டபுள் பிரேக் அண்ணன். மீதிப் பாதிப் பேர் ரோட்டுக்கு வரவே பயப்படுவதற்கும் அவர்தான் காரணம்.

ஒத்தக்கடையில் எங்களுக்கு எதிர்வீடு. இருபத்தெட்டு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அந்தக் கார்களில் சொல்லித்தருகிறவர் உட்காரும் இடதுபக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். பட்டப்பெயர் வந்தது அங்கிருந்துதான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். நானும் அவரிடம் படித்தவன்தான். நான் வண்டியை நகர்த்திய நேரத்தைவிட அவர் நிறுத்திய நேரம் அதிகம்.

ஸ்கூலை மூடி, காரையும் விற்றுவிட்டார். பிரேக் போய்விட்டதே தவிர, கால் பழக்கம் போகவில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். ஒருநாள் டவுன் பஸ்ஸில் முன்னால் நின்றவர் பாதத்தை ஓங்கி மிதித்துவிட்டார். அந்த ஆள், "யோவ், எதுக்குய்யா மிதிக்கிற?" என்று கத்தினார். அண்ணன் அசரவில்லை. "நான் மிதிக்கலேன்னா இந்நேரம் அந்த லாரியில போய்ச் சொருகியிருப்போம்" என்றார், நன்றி ஏதாவது வருமா என்று எதிர்பார்ப்பவர் போல.

பொருட்காட்சி ராட்டினத்தில் நடந்தது அதைவிட மோசம். உச்சியிலிருந்து இறங்கும்போது அவர் மிதித்த மிதியில் செருப்பு கழன்று, கீழே பஜ்ஜிக் கடை மாவுச் சட்டியில் விழுந்தது. கடைக்காரர் கரண்டியோடு காத்திருந்தார். அண்ணன் ஒற்றைச் செருப்போடு இறங்கி, நேராக ராட்டினக்காரரிடம் போய், "தம்பி, இதுல பிரேக்கு சரியா புடிக்கல, பாத்துக்க" என்றார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் கார் வாங்கப் பேச்சு எழுந்தது. வாங்கப்போவது அவர் மனைவி இந்திராணி மதினி. பள்ளிக்கூட டீச்சர். சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளிக்கு ஹெச்.எம். ஆகப் போட்டுவிட்டார்கள். மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் என்று மூன்று பஸ் மாற வேண்டும். மதினியிடம் லைசென்ஸ் இருக்கிறது, அண்ணன் சொல்லிக்கொடுத்து வாங்கியது. ஆனால் இத்தனை வருடத்தில் இடதுபக்கம் அவர் இல்லாமல் ஒரு தெரு தாண்டி ஓட்டியதில்லை. ஓட்ட விட்டதில்லை என்று சொல்வதுதான் சரி.

இருவருக்கும் பிடித்துப்போன எலெக்ட்ரிக் கார் இரண்டு விதமாக வந்திருந்தது. பழைய மாடல், எதிரே ஏதாவது வந்தால் 'கீங் கீங்' என்று கத்தும். பிரேக்கை நாம்தான் போட வேண்டும். புதிய மாடலும் கத்தும். நாம் கண்டுகொள்ளாவிட்டால் தானே பிரேக் போட்டு நின்றுவிடும். மதினி புதுசு என்றார். அண்ணன் பழசு என்றார். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

"பழசே போதும் டீச்சர். அது கத்தட்டும், நான் மிதிச்சுக்கிறேன்" என்றார் அண்ணன். மதினியை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

"எதைப் போயி மிதிப்பீக? உங்க பக்கம் கால் வைக்கிற ரப்பர் மேட்டுதான கெடக்கு?"

"அதெல்லாம் ஒரு பிரேக்க மாட்டிக்கலாம், நம்ம மெக்கானிக்கு இருக்கான்."

"அப்ப தெனமும் சோழவந்தானுக்குக் கூடவே வருவீகளா?"

"வாரேன். பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் மரத்தடியில உக்காந்திருக்கேன். எனக்கென்ன வேலை?"

மதினி மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தனியா ஓட்டணுங்க. நாப்பது வாத்தியாருகள மேய்க்கப் போறவ, காரை ஓட்டிக்கிட மாட்டேனா?"

அண்ணன் எழுந்து என் வீட்டுக்கு வந்துவிட்டார். "மாப்ள, மிஷினுக்கு நம்ம ஊர் ஆட்டைத் தெரியுமா? பாதி ரோடு வந்து, யோசிச்சு, திரும்பிப் போற ஆடு இது. அம்புட்டையும் கம்ப்யூட்டர்ல எழுதியிருப்பானா?" என்றார். ஆட்டைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அந்தப் புது மாடல் தன் காலுக்கு வேலையில்லாமல் செய்துவிடுமே என்பதுதான் கவலை என்று எனக்குப் புரிந்தது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

கடைசியில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வோம் என்று புது மாடலில் கிளம்பினோம். மதினி ஓட்ட, அண்ணன் இடதுபக்கம், பின்சீட்டில் நானும் ஷோரூம்காரரும். யானைமலை தாண்டியதும் தவிட்டு மூட்டை ஏற்றிய மொபெட் ஒன்று திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் ஏறியது. கார் கத்தியது. அண்ணன் ஓங்கி மிதித்தார். கார் சடக்கென்று நின்றது.

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியா மாப்ள! இந்தப் பக்கமும் பிரேக்கு வச்சிருக்கான்யா! சொல்லவே இல்ல!"

"சார், அது கார் போட்ட பிரேக்கு" என்றார் ஷோரூம்காரர்.

"அப்ப இது யாரு காலு?" என்று குனிந்து மேட்டைத் தூக்கிப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. மேட்டை ஒழுங்காக விரித்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது வலது காலை மடக்கி சீட்டின் மேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மிஷினைச் சோதிக்கிறாராம். ஒத்தக்கடை முக்கில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஒன்று யாரோ கை காட்டியதும் அந்த இடத்திலேயே நின்றது. எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் கார் கத்தவே இல்லை. அதற்கு முன்பே மதினி பிரேக்கைத் தொட்டு, பதறாமல் நிறுத்தி, ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் காலை விட்டார். "மிஷினும் கத்தல, நானும் மிதிக்கல" என்றார் சன்னமாக. இறங்கியதும் அவரே ஷோரூம்காரரிடம் சொன்னார்: "புதுசையே எழுதுங்க தம்பி. நான் கூட இல்லாதப்ப அதாச்சும் இருக்கட்டும்."

மதினி முதல்முறை தனியாகக் கிளம்பிய காலையில் அண்ணன் காரின் சைடு கண்ணாடியை மூன்று முறை துடைத்தார். துடைத்த கண்ணாடியைப் பிறகு இரண்டு முறை திருப்பி வைத்தார். மதினி, "போயிட்டு வாரேங்க" என்று சொல்லிவிட்டுச் சத்தமே இல்லாமல் போய்விட்டார். அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் டீயோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசிக்கொண்டேதான் இருந்தார், ஆனால் வலது கால் மண்ணை மிதித்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை மிதித்த மிதியில் டீ என் வேட்டியில் கொட்டியது.

ஒன்பது மணிக்கு முன்னால் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "வந்து சேந்துட்டேங்க. ஆரப்பாளையத்துக்கிட்ட ஒருத்தன் பைக்கைக் குறுக்க விட்டுட்டான். கார் தானா நின்னுருச்சு. ஒண்ணுமில்ல, பயப்படாதீக."

"எத்தனை மணிக்கு?"

"எட்டேகால் இருக்கும். ஏங்க?"

"சும்மாதான்" என்று போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்ள, உன் டீ கொட்டுச்சே, அப்ப மணி என்ன?"

நான் மணியைப் பார்க்கவே இல்லை. வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரியா எட்டேகால்ணே" என்றேன். இத்தனை வருடம் அவரைக் கிண்டல் செய்தவன்தான் நான். அன்றைக்கு அதைத் தவிர வேறு மணி சொல்ல எனக்கு மனசு வரவில்லை.