வால்வெள்ளியின் வாக்குமூலம்

பேரண்டத்தை ஆராய்வதற்கென்று பூமியில் தோன்றிய அமைப்புகளில் தலையாயது, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இயங்கும் 'அகில பிரித்தானியத் தமிழர் வானியல் மன்றம்'தான். உறுப்பினர் ஒன்பது பேர். அவர்களில் எட்டுப் பேர் நிர்வாகிகள். மிச்சமிருந்த ஒருத்திதான் வானத்தைப் பார்ப்பவள்.

அவள் மேரிசாந்தி. ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. மன்றத்தின் தொலைநோக்கி அவள் வீட்டுப் பின்வளவில்தான் நின்றது. நிர்வாகிகள் எவர் வீட்டிலும் அதற்கு இடமில்லை. ஷிப்டுக்குப் போகுமுன், பதினொரு விடியற்காலை, விரல் விறைக்க நின்று ஒரு புது வால்வெள்ளியைப் படம் பிடித்திருந்தாள். மங்கலான வால்வெள்ளி, பெரிய தொலைநோக்கிக்காரர் எவரும் அதை மதிக்கவில்லை. அறுபதாயிரம் வருடம் கழித்து அது திரும்பி வருமா, ஒரேயடியாகப் போய்விடுமா என்பது எவருக்கும் தெரியாது. மேரிசாந்திக்குத் தெரிந்தாக வேண்டும். அவளுடைய பதினொரு அளவுகளும் போய்ச் சேர்ந்தால் சர்வதேச மையம் பாதையைக் கணித்துவிடும். நாலு நாளில் அது சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்துவிடும்; பிறகு சரிபார்க்க வழியில்லையென்று மையம் எதையும் ஏற்காது. மன்றத்தின் பதிவு எண் இல்லாமல் அனுப்ப ஏலாது. பதிவு எண் செயலாளரின் பையில்.

செயலாளர் சுப்பிரமணியன் லேசுப்பட்ட ஆளில்லை. இருபத்திரண்டு வருடமாக லண்டன் தமிழருக்கு அகதி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துவரும் மேதை. அவருடைய 'விஞ்ஞான முறை' ஒன்றே ஒன்று: எத்தனை தரம் கேட்டாலும் ஒரே பதில். ராணுவத்திடம் பிடிபட்டது செவ்வாய்க்கிழமை என்று ஒருமுறையும் புதன்கிழமை என்று மறுமுறையும் சொன்னால் கேஸ் தோற்றுவிடும். அவருடைய முதல் கேஸே அப்படித்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைவருக்குப் பொன்னாடை எல்லாம் முடிந்து நிகழ்ச்சி நிரலின் ஒன்பதாம் விடயமாகிய 'வானம்' வந்தது. பத்தாவது, தேநீர்.

சுப்பிரமணியன் மேரிசாந்தி நீட்டிய தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தங்கச்சி, பதினொரு நாளுக்கும் பதினொரு இடம் எழுதி வைச்சிருக்கிறீர்?"

"அது அசையுது, அண்ணை."

"அது அசையட்டும். நீர் அசையலாமோ? திங்கள் ஒரு இடம், செவ்வாய் வேறை இடம். விசா அதிகாரி விடுவானோ?"

"அங்கை அதிகாரி இல்லை. கம்ப்யூட்டர்தான் பாக்கும்."

"அது அதைவிடக் கடும்."

தலைவர் கணேசலிங்கம் பதினேழு வருடம் கேஸ் நடத்தி விசா எடுத்தவர். பொன்னாடையால் நெற்றியைத் துடைத்தார். "முரண்பாடு. பச்சை முரண்பாடு."

"இடம் மாறினால்தானே அண்ணை, அது போற பாதையைக் கணக்கெடுக்கலாம்! நான் தந்தபடி அனுப்புங்கோ. நாலு நாள்தான் கிடக்கு."

"ஒண்டுக்கும் பயப்பிடாதையும். வடிவாச் செய்து அனுப்புறன்" என்றார் சுப்பிரமணியன்.

அவள் ஷிப்டுக்கு ஓடினாள். மன்றம் கடமையில் இறங்கியது. 'முதல் வாக்குமூலமே செல்லுபடியாகும்' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முதல் நாள் இடத்தையே பதினொரு நாளுக்கும் எழுதி, சுப்பிரமணியன் அன்றைக்கே அனுப்பிவைத்தார். அப்படியொரு சுத்தமான கேஸை அவர் தன் வாழ்நாளில் எழுதியதில்லை.

மறு ஞாயிறு பதில் வந்தது. மேரிசாந்திதான் வாசித்தாள்.

"'உங்கள் பதினொரு அவதானிப்புகளும் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போகின்றன. ஆகவே இவை உண்மையாக இருக்க முடியாது. நிராகரிக்கிறோம்.'"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ர பதினொரு விடியலையும் ஒரு நாளாக்கிப் போட்டியளே! இப்ப அது சூரிய வெளிச்சத்துக்குள்ள போயிட்டுது. வருமோ வராதோ, இனி ஆரைக் கேக்கிறது?"



"ஒத்துப்போனதுக்கோ தங்கச்சி ரிஜெக்ட் பண்ணினவை?" சுப்பிரமணியனால் நம்ப முடியவில்லை.

"ஓம். நேரில பாத்தவை சொன்னா அங்கை இங்கை கொஞ்சம் பிசகுமாம். பிசகாட்டித்தான் அவைக்குச் சந்தேகமாம்."

சுப்பிரமணியன் கடிதத்தை வாங்கி, மடித்து, திரும்ப விரித்தார்.

"தங்கச்சி, உந்த மையக்காரர் அகதிக் கேசும் பாப்பினமோ எண்டு ஒருக்கால் எழுதிக் கேளும்."