துரையின் குளம்பும் என் நீட்ஃபுல்லும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்த விண்ணப்பம் எழுதினாலும் கடைசி வரியில் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று போட்டால்தான் என் கை ஓயும். தேவையானதைச் செய்து கொடுங்கள் என்று அர்த்தம். தமிழ் மனுக்களில் 'ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்' என்று வருமே, அதற்குக் கோட்டு மாட்டிவிட்டது போல. இந்த வரியில் பெரிய சௌகரியம் உண்டு. என்ன தேவை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர் தானாகக் கண்டுபிடித்துக்கொள்வார். கல்லூரி விடுதியில் குழாய் ஒழுகினாலும் நீட்ஃபுல், சாம்பாரில் கரப்பான் கிடந்தாலும் நீட்ஃபுல். (நான் படிப்பு முடித்து வெளியே வரும்வரை இரண்டுமே நிற்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

இந்தப் பழக்கத்தையும் சீர்வரிசையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு, உடுமலையிலிருந்து எல்லை தாண்டி எருத்தேன்பதிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு மருமகளாக வந்தேன். இங்கே வீட்டில் பேசுவது நம் தமிழ். ஆபீசில் எழுதுவது மலையாளம். மாமனார் மலையாளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், ஆனால் அதில் ஓர் எழுத்து எழுத வராது. ஆகவே இரண்டுக்கும் பொதுவாக இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பி.காம். படித்த மருமகள் வந்துவிட்டாள் என்றதும் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. அத்தை என்னைச் சாணி அள்ளக்கூட விடவில்லை.

மாமனாருக்கு உயிர், துரை. துரை என்பது ஒரு காங்கேயம் காளை. பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் டெம்போவில் பசுவை ஏற்றிக்கொண்டு இவனைத் தேடி வருவார்கள். அப்படி வந்து நிற்கும்போது மாமனார் மீசையை நீவிக்கொள்வதைப் பார்த்தால், பிறக்கப்போவது கன்றா பேரனா என்று சந்தேகம் வரும்.

நான் வந்த ஆறாவது மாதம் துரைக்கு முன்னங்கால் குளம்பு வீங்கிவிட்டது. வலியில் வேலியை உடைத்தான், கிட்டே போனவர்களை முட்ட வந்தான். பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரிக்குத் தெற்கேயிருந்து புது டாக்டர் வந்திருந்தார். தமிழ் சுத்தமாகத் தெரியாதவர்.

"அம்மிணி, டாக்டருக்கு ஒரு கடுதாசி எழுது. கொளம்பு வீங்கியிருக்குது, வந்து பாக்கோணும்னு எழுது. அவ்வளவுதான்" என்றார் மாமனார்.

"சரிங்க மாமா" என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, குளம்புக்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியாது. போனில் தேடியிருக்கலாம். ஆனால் மாமனார் எதிரிலேயே உட்கார்ந்து என் பேனாவின் முனையைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் போனை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. (மனசு என்ன மனசு, கொழுப்பு.)

தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததை எல்லாம் எழுதினேன். துரை மிகவும் மூர்க்கமானவன். வேலிகளை அழிக்கிறான். அக்கம்பக்கத்துப் பசுக்களுக்கும் இவனால் அமைதி இல்லை. (பசு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் அழகாக அமைந்தது, விட மனமில்லை.) குடும்பமே நிம்மதி இழந்து தவிக்கிறது. கைண்ட்லி டூ தி நீட்ஃபுல். ஒரு பக்கம் முழுக்க நிரம்பியது. மாமனார் கையெழுத்துப் போட்டு, கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தார். டாக்டர் அப்போது அங்கே இல்லை.

மறுநாள் மாமனாரும் அத்தையும் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தார். வீட்டில் நானும் துரையும் மட்டும். பதினொரு மணிக்கு டாக்டர் இரண்டு ஆட்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் என் கடிதம்.

"இதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மைதானா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"யெஸ் சார்."

"அப்படியானால் ஒரே வழிதான். இப்போதே செய்யட்டுமா, வீட்டுப் பெரியவர் வரும்வரை காத்திருக்கட்டுமா?"

என்ன வழி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இங்கிலீஷ் தெரியாதவள் என்று நினைத்துவிட மாட்டாரா? தலையை நிமிர்த்தி, "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் சார்" என்றேன். சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டேன். இஞ்சியெல்லாம் தட்டிப் போட்டேன்.

டீயோடு தொழுவத்துக்குப் போனபோது துரை தலையைத் தொங்கப்போட்டு நின்றான். ஒருவர் ஒரு பெரிய இரும்புக் கிடுக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள்தானே, காயடிக்கிற கிடுக்கி தெரியாதா? டாக்டர் மூன்று டம்ளர் டீயையும் பாராட்டிவிட்டு, "இனி ஒரு சல்லியமும் உண்டாவில்லா" என்று மலையாளத்திலேயே வாழ்த்திவிட்டுப் போனார். இனி எந்தத் தொந்தரவும் இராதாம்.

சாயங்காலம் வரை அழுதேன். மாமனார் வந்தார், நேரே தொழுவத்துக்குப் போனார். குனிந்து குளம்பைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அம்மிணி, அந்தக் கடுதாசியில என்ன எழுதுனே? தமிழ்ல சொல்லு" என்றார்.

வரி வரியாகச் சொன்னேன். மூர்க்கம் சொன்னேன், வேலி சொன்னேன், பசுக்கள் அமைதி இழந்ததையும் சொன்னேன்.

"கொளம்பு எங்க அம்மிணி?"

"அது... நீட்ஃபுல்லுக்குள்ள இருக்குதுங்க மாமா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்துப் போயிருப்பேன். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஒரு மனுஷனுக்கு ஊரில் இருந்த பேரை ஒரு பக்கத்துக் கடிதத்தில் துடைத்து எடுத்துவிட்டேன். மறுநாளே பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் டெம்போவில் பசுவோடு வந்து நின்றார். "இல்லீங்க, இனி இவன் ஆவமாட்டானுங்க" என்றார் மாமனார். "ஏனுங்க, நல்லாத்தானே இருந்தான்?" என்றார் வந்தவர். மாமனார் என் பக்கம் திரும்பாமலேயே, "எங்கூட்டு மருமவ இங்கிலீசுல எழுதிப்போட்டாளுங்க" என்றார். வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

பிறகு டாக்டர் வந்து குளம்புக்கும் வைத்தியம் பார்த்தார். கடிதத்தில் அப்படி ஒன்று இல்லையே என்று என்னிடமே எடுத்துக் காட்டினார். துரை பூவாக மாறிப்போனான். அவன் வேலை இப்போது வண்டி இழுப்பது. என் வேலை மறுநாள் காலையிலிருந்தே சாணி அள்ளுவது.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. தியேட்டர் வாசலில் நர்ஸ் சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டி, "இந்த இடத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். நான் பேனா மூடியைத் திறந்தேன். ஸ்ட்ரெச்சரில் அரை மயக்கத்தில் கிடந்தவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"சிஸ்டர்! அவகிட்டப் பேனாவக் குடுக்காதீங்க!"

பக்கத்தில் நின்ற மாமனார் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினார்: 'வலப்பக்கக் குடலிறக்கம் மட்டும். வேற எதையும் தொடக் கூடாது.' 'மட்டும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.