மீசையில்லாத தொழிலாளி

பரமநாதன் மீசையின் கடைசி மயிரையும் வழித்து முடிக்க, மனைவி தங்கேஸ்வரி குளியலறைக் கதவைத் தள்ளினாள்.

"என்னப்பா, ஆரும் செத்துக்கித்துப் போச்சினமோ?"

ஒருவரும் சாகவில்லை, சாகப்போவது தன் மானம்தான் என்றார் அவர். மகள் தர்மினிக்குப் பேசிவரும் இடத்துச் சம்பந்தி, லில்லெஸ்ட்ரோம் ஊர்ச் சின்னராசா, எஞ்சினியர். அவரிடம் பரமநாதன் தன்னை ஒஸ்லோவில் பெரிய அலுவலகமொன்றின் நிர்வாகி என்று சொல்லிவைத்திருந்தார். உண்மையில் அவர் நிர்வகித்தது அங்கே மூன்று மாடித் தரையை. அதுவும் காலையில் மட்டும். மாலை வேலைக்கு வருகிற முகம் தெரியாத ஒருவன் தரை துடைக்கும் வாளியில் நோர்வே மொழியில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவான்: 'மொப்பைப் பிழிந்து வை.' பரமநாதன் இன்னும் சொட்டச் சொட்ட வைப்பார். ரோசம்.

போன மாதம் ஓவியப் பெண்மணி ஒருத்தி வந்து, தொழிலாளர் வாழ்வை எக்ஸ்பிரஷனிசத்தில் தீட்டுகிறேன் என்று மொப்போடு அவரை நிற்கவைத்து வரைந்துகொண்டு போனாள். இன்று அதே அலுவலகத்தில் படத்தின் திறப்பு விழா. கேக்கும் கோப்பியும் சும்மா கிடைக்கும், இரண்டு குடும்பமும் அங்கேயே சந்திக்கட்டும் என்று தர்மினியும் மாப்பிள்ளையும் முடிவுகட்டிவிட்டார்கள். மீசை போனால் படத்தோடு பொருத்தி ஆளை மட்டுக்கட்டேலாது என்பது பரமநாதனின் கணக்கு.

விழாவில் சின்னராசா கறுப்புக் கண்ணாடியும் மூக்குவரை சுற்றிய சால்வையுமாக நின்றார். சளியும் தடிமனுமாம். பெரிய மனிதருக்குத் தடிமனும் எடுப்பாகத்தான் வருகிறது என்று பரமநாதன் நினைத்துக்கொண்டார். சம்பந்தியம்மா கிருஷ்ணகுமாரி அவருடைய மொட்டை உதட்டையே பார்த்தாள்.

"ஆர் செத்தது?"

"கனடாவில... பெரியப்பா."

அப்படியென்றால் முப்பத்தொரு நாள் துடக்கு, நல்ல காரியம் பேசக்கூடாது என்றாள் அவள். தர்மினி தகப்பனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"இல்லை, இப்ப போன் கோல் வந்தது," என்றார் பரமநாதன். "பெரியப்பா எழும்பியிட்டாராம்."

பரமநாதனுக்கு இதுவரை ஒரு காலை வணக்கம்கூடச் சொல்லாத அலுவலக இயக்குநர், உழைக்கும் கரங்களின் ஓலத்தைப் பற்றி இருபது நிமிடம் தொண்டை தழுதழுக்கப் பேசித் திரையை இழுத்தார்.

பச்சை முகம். துடுப்புப் போன்ற கைகள். கையில் மொப். மீசை மட்டும் இல்லை. கலைக்கு அது தேவைப்படவில்லையாம். அச்சொட்டாக, வழித்த பரமநாதன்.

சின்னராசா படத்தைப் பார்த்தார். மொப்பைப் பார்த்தார். சம்பந்தியின் உதட்டைப் பார்த்தார். கலியாணம் குழம்பினது சரி என்று பரமநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

சின்னராசா கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றினார்.

"அப்ப, மூண்டு வருசமா மொப்பைப் பிழியாமல் வைக்கிறது நீங்களோ?"