பழைய பெட்டியின் பட்டனும் புதிய பெட்டியின் பட்டனும்

பயந்த சுபாவக்காரனுக்கு ஒன்றைப் பூட்டினால் மட்டும் போதாது. பூட்டிக்கொண்டதா என்று பார்த்தால்தான் மூச்சு வரும். நான் கதவைப் பூட்டிவிட்டு இழுக்கிற இழுப்பில், திருடனுக்கு முன்னால் நானே கதவைப் பெயர்த்துவிடுவேன் என்பாள் ஸ்டெல்லா. அவள் என் மனைவி. பி.எட். படித்தவள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். மராத்தி ஊரான போசரியில், ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறேன். (கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சர்ச்.)

என் பைக்கின் பின்னால் வெகுகாலமாக ஒரு பழைய பெட்டி இருந்தது. கேரியரோடு போல்ட் போட்டு இறுக்கியது. பின்பக்கம் ஒரு பட்டன். அமுக்கினால் மூடி திறக்கும், சாவி போட்டுப் பூட்டியிருந்தால் திறக்காது. அதனால் பூட்டிய பிறகு பட்டனை இரண்டு தடவை அமுக்கிப் பார்ப்பேன். திறக்கவில்லையா, நிம்மதி.

ஒரே குறை, மழைத்தண்ணீர் உள்ளே நிற்கும். ஹிஞ்சேவாடியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்டெல்லாவுக்கு இன்டர்வியூ வந்தது கொட்டுகிற ஜூலையில். ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வரவேண்டுமாம். நான் வாங்காத பட்டம். அதை நான் நனைத்துவிட்டால் என்ன முகத்தோடு வீட்டில் இருப்பது? ராப்பகலாக வீடியோ பார்த்து ஒரு புதிய பெட்டி வாங்கினேன். சுற்றிலும் தடித்த ரப்பர், முதுகு சாய மெத்தை. மூடியை அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். வண்டியோடு இறுக்குவது ஒரு தட்டை மட்டும்தான். பெட்டியை அதிலிருந்து கழற்றிக் கையில் தூக்கிப் போகலாம். கடைக்காரர் இந்தியில் எல்லாம் விளக்கினார். நான் ரப்பரையே தடவிக்கொண்டிருந்தேன்.

இன்டர்வியூ அன்று காலை ஃபைலை உள்ளே வைத்து மூடினேன். பின்னால் போய்ப் பட்டனை இரண்டு தடவை அமுக்கினேன். மூடி திறக்கவில்லை. நிம்மதி. (பழையதில் மூடிக்கான பட்டன் இருந்த அதே இடத்தில், புதியதில் இருந்தது பெட்டியை வண்டியிலிருந்து விடுவிக்கிற பட்டன். அமுக்கியதும் பிடி விட்டுப்போய், பெட்டி தட்டின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது.)

கஞ்சி போட்ட புடவை கசங்கக் கூடாதென்று ஸ்டெல்லா பின்சீட்டில் எங்கும் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சாய்ந்திருந்தால் இதை நான் சிரித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவுந்த் தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வண்டி துள்ளியது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, முதுகுல காத்து அடிக்கு."

"மழைக்காலம்லா, அடிக்கும்."

"அதில்ல. பெட்டியக் காணும்."

வண்டியைத் திருப்பி ஓட்டினேன். போகிற லாரியெல்லாம் அவளுடைய பட்டத்தின் மேல் ஏறிவிட்டு வருவதாகவே தோன்றியது. அவள் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்பீடு பிரேக்கர் ஓரத்தில் மக்காச்சோளம் சுடும் மௌஷி ஒருவர் (வயதான அம்மாக்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), எங்கள் பெட்டிமேல் உட்கார்ந்து கரியை விசிறிக்கொண்டிருந்தார். உங்களுடையதுதான் என்று எப்படி நம்புவது என்று மராத்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த மூன்று பாஷையும் ஒரே நேரத்தில் கைவிட்டன. ஸ்டெல்லா என்னிடமிருந்து சாவியைப் பிடுங்கித் திறந்தாள். பெட்டியின் ஒரு மூலை தேய்ந்திருந்தது. உள்ளே ஃபைல் அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. பெட்டி நல்ல பெட்டி, உட்காரவும் வசதி என்றார் மௌஷி.

காலையில் பட்டனை அமுக்கிப் பார்த்ததைச் சொன்னேன். ஸ்டெல்லா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ரெண்டு தடவையா அமுக்குனீங்க? ஒரு தடவையோட விட்டிருந்தா ஒருவேள நின்னிருக்கும்."

இப்போதும் லேத்தின் முன்னால் நிற்கும்போது யோசிப்பேன். பழைய பெட்டி வண்டியை விடவே விடாது. ஆனால் உள்ளே இருப்பதைக் காப்பாற்றத் தெரியாது. புதியது விழுந்து உருண்டும் உள்ளே ஒரு சொட்டு விடவில்லை. அதற்கு வேண்டியதெல்லாம் அதை நம்பிச் சும்மா விடுகிற ஓர் ஆள். அந்த ஆளாக நான் இன்னும் ஆகவில்லை.

தாமதமாகப் போனதற்கு அவள் நடந்ததையே காரணமாகச் சொல்லியிருக்கிறாள். சிரித்துவிட்டு வேலை கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் கேஸ் அடுப்பை மூடினேனா என்று இரண்டாவது தடவை பார்க்க எழுந்தால் போதும், எங்கள் மகள் தன் அரைகுறைத் தமிழில், "அப்பா, பஸ். கழண்டுரும்" என்பாள். (பஸ் என்றால் இந்தியில் போதும்.) போன ஞாயிறு பாஸ்டர் ஜெபத்தை முடித்துவிட்டு, ஏதோ விட்டுப்போனதுபோல மறுபடி ஆரம்பித்தார். கண்ணை மூடியபடியே ஸ்டெல்லா என் பக்கம் சாய்ந்தாள்.

"கழண்டுரும்."